லொஸேர் மலைச்சாலைகளுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிரான்சில் வண்டிச் சத்தமில்லாத மலைச்சாலைகளில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். ஆல்ப்ஸ் வேண்டாம். அங்கே கணவாய்களுக்குப் பேர் அதிகம், அதனாலேயே கோடையில் மோட்டார் சைக்கிளும் கேரவனும் அதிகம். தெற்கே லொஸேருக்குப் போ. பிரான்சின் பெருநிலப்பரப்பில் மிகக் குறைவாக ஆள் வசிக்கும் டிபார்ட்மான் அது, நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. மொத்தமே ஏறத்தாழ 76,000 பேர். ஃப்ளொராக் என்ற சிற்றூரில் அறை எடுத்துத் தங்கு. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான்.

ஒரு சாலை ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள். எந்த ஊருக்கும் அது குறுக்குவழியாக இல்லை, அவ்வளவுதான். ஃப்ளொராக் வழியாகப் போகும் என்106 தேசிய நெடுஞ்சாலை நீம், அலேஸ் பக்கத்தை மாந்த் நகரத்தோடு இணைக்கிறது. லாரியும் அவசரமும் அதில் போய்விடுவதால்தான் மற்றவை அமைதியாக இருக்கின்றன. எனவே என்106-ஐ முடிந்தவரை தொடாதே. தார்ன் பள்ளத்தாக்கின் டி907பிஸ் சாலையும் (டி என்றால் டிபார்ட்மான் சாலை) அழகானதுதான், ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் சுற்றுலா வேன்கள் வரிசைகட்டும். அதை மே, ஜூன் அல்லது செப்டம்பருக்கு வைத்துக்கொள்.

வரைபடம் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மிஷலேன் தாள் வரைபடத்தில் சிவப்பு பெருஞ்சாலை, மஞ்சள் அடுத்த நிலை, வெள்ளை சிறுசாலை. உனக்கு வேண்டியது வெள்ளையும் மெல்லிய மஞ்சளும். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று பொருள், கூட்டமும் கொஞ்சம் இருக்கும். சாலைமேல் போட்டிருக்கும் அம்புக்குறிதான் முக்கியம். ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். முனை ஏறும் திசையைக் காட்டும். 5 சதவீதத்துக்குக் கீழே குறியே கிடையாது. அதனால் அம்புக்குறி இல்லாத 20 கி.மீ. சாலை சமதளம் என்று நினைத்து ஏமாறாதே. வெள்ளைச் சாலைகளில் சில ஏதாவது பண்ணை வாசலில் முடிந்துவிடும், சில மண்பாதையாகிவிடும். பிரான்சின் அரசு நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் வரைபடத்தையும் வான்படத்தையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சந்தேகம் வந்த துண்டை மட்டும் அங்கே பெரிதாக்கிச் சரிபார். இன்னொன்று, டி சாலைகளின் எண்ணை அந்தந்த டிபார்ட்மான்தான் வைக்கிறது, எல்லை தாண்டினால் எண் மாறலாம். நீ இரண்டாம் நாள் ஓட்டப்போகும் கொர்னிஷ் தெ செவென் என்ற ஒரே சாலை லொஸேரில் டி9, 'கார்' என்ற பக்கத்து டிபார்ட்மானுக்குள் நுழைந்ததும் டி260. பலகையில் எண் மாறியதும் வழி தவறிவிட்டதாக எண்ணித் திரும்பி வந்துவிடாதே.

ஃப்ளொராக்கைச் சுற்றி மூன்று வகைப் பாறை சந்திக்கிறது. சாலையின் குணமும் அதற்கேற்ப மாறுகிறது. மேற்கே கோஸ் மெஜான் சுண்ணாம்புக்கல் பீடபூமி, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். ஏறி முடித்துவிட்டால் மேலே மெல்லிய அலைமேடுகள்தான், ஆனால் மழைநீர் எல்லாம் பாறைப் பிளவுகளில் இறங்கிவிடுவதால் ஓடை இல்லை, நிழலும் இல்லை. தெற்கே செவென் மலைகள் ஷிஸ்ட் பாறை. தகடு தகடாகப் பெயரும் அந்தப் பாறை மழை பெய்த மறுநாள் கூரான சில்லுகளைச் சாலையோரம் கொட்டி வைத்திருக்கும், டயரின் பக்கச்சுவர் கிழிவது அங்கேதான். வடகிழக்கே மோன் லொஸேர் கிரானைட், உருண்ட பெரும்பாறைகளும் புல்வெளியும் காற்றும்.

மூன்றையும் ஒவ்வொரு நாளாக ஓட்டு. முதல் நாளுக்குக் கோஸ் மெஜான். தெற்கே டி907-இல் தார்னோன் ஆற்றோடு போய், லெ வனெல்லில் டி996-க்குத் திரும்பி, ஃப்ரேசினே-த-ஃபூர்க் வழியாகப் பெர்ஜுரே கணவாய்க்கு ஏறு. உயரம் 1,028 மீட்டர். அடியில் இதமாகத் தொடங்கும் சாலை அந்த ஊரைத் தாண்டியதும் நிமிர்ந்துவிடும், கால்பலத்தை அதற்கு மிச்சம் வை. 1960 டூர் த பிரான்சில் இந்தக் கணவாயின் இறக்கத்தில்தான் பிரெஞ்சு வீரர் ரொஜே ரிவியேர் பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, பந்தய வாழ்க்கையே முடிந்துபோனது. உன் இறக்கம் அந்தப் பக்கம் இல்லை. கணவாயிலிருந்து வடக்கே நீம்-ல-வியூ பாறைக்கூட்டத்தின் பக்கமாகப் பீடபூமிக்குள் நுழைந்து, டி16-ஐப் பிடித்து கொண்டை ஊசி வளைவுகளில் ஃப்ளொராக்குக்கு இறங்கு. கால் இன்னும் தெம்பாக இருந்தால் பெர்ஜுரேயிலிருந்து டி18 எய்குவால் சிகரம்வரை போகிறது, 1,560 மீட்டருக்கு மேல். மேலே 1894-இல் திறந்த வானிலை நிலையம் நிற்கிறது. ஃப்ளொராக்கில் வெயில் காயும்போதே அங்கே மேகமும் கடுங்காற்றும் இருக்கலாம், ஆகவே ஜூலையிலும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.

அடுத்தது கொர்னிஷ் தெ செவென். ஃப்ளொராக்கிலிருந்து சேன்-ஜான்-து-கார் ஊர்வரை 53 கி.மீ., பெரும்பகுதி மலைமுதுகின் மேலேயே. சாலை பள்ளத்தாக்கில் ஓடாமல் முதுகில் ஓடுவதற்குக் காரணம் உண்டு. பதினான்காம் லூயி காலத்தில் கமிசார் எனப்பட்ட புராட்டஸ்டன்ட் கிளர்ச்சியாளர்களை அடக்க அரச படைகள் போய்வருவதற்காக இது சீராக்கப்பட்டது, இரண்டு பக்கப் பள்ளத்தாக்கும் ஒரே பார்வையில் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பார்வை இப்போது உனக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இது பிடித்த சாலை. வாரநாளில் காலை 7 மணிக்குக் கிளம்பு. திரும்பும்போது டி983-இல் வாலே ஃபிரான்சேஸ் பள்ளத்தாக்கு வழியாக சேன்த்-குருவா, பார்-தெ-செவென் என்று வா. கடைசி ஏற்றம் களைத்த காலுக்கு நீளமாகத்தான் தோன்றும்.

மூன்றாவது, டி998-இல் தார்ன் ஆற்றை எதிர்த்து லெ போன்-த-மோன்வேர், பிறகு டி20-இல் ஃபினியேல் கணவாய், 1,541 மீட்டர். கடைசி 12 கி.மீ. சராசரியாக 5 முதல் 6 சதவீதம். சரிவு கொல்லாது, எதிர்காற்று கொன்றுவிடும். மேலே நிழல் தேடாதே.

கியரைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுவோம். நீயும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகம் பிடிக்கவே 150 வாட் அளவு சக்தி வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் ஓடும். முதல் அரைமணி தாங்குவாய், மூன்றாம் நாள் முழங்கால் பேசும். பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு 60 சுற்றுக்கு மேல் வரும். டயர் 28-க்குக் கீழே வேண்டாம், சட்டகத்தில் இடம் இருந்தால் 32 மி.மீ. போடு. இரண்டு ட்யூப், ஒரு பம்ப், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்க ஒட்டுத்துண்டு, செயின் இணைப்பு ஒன்று, கிளம்பும் முன் புது பிரேக் கட்டைகள்.

கோடையில் அஞ்ச வேண்டியது ஜல்லி. சாலையில் தாரைத் தெளித்து மேலே சிறுஜல்லியைக் கொட்டி, உருளை ஓட்டி, மிச்சத்தைப் போகிற கார்களே அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். 'கிராவியோன்' என்ற பலகையைக் கண்டதும் வேகத்தை உடனே குறை. உதிரிக் கற்கள் நடுக்கோட்டிலும் வளைவின் வெளி ஓரத்திலும் சேரும். கார் டயர் ஓடிய தடத்திலேயே ஓட்டு, வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடாதே. தார் ஒட்டிய டயரில் கல் பிடித்துக்கொண்டால் நிறுத்தித் துடைத்துவிடு, இல்லையென்றால் அது சட்டகத்துக்கும் டயருக்கும் இடையில் சிக்கும்.

தண்ணீருக்கு நம்பகமான இடம் ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கென்று வாசலருகே பெரும்பாலும் குழாய் இருக்கும். 'ஓ நோன் பொதாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்காதே. கோஸ் மெஜானுக்கு மட்டும் 750 மி.லி. பாட்டில் இரண்டு போதாது, மூன்றாவதைச் சட்டைப்பையில் போடு. கடைகள் மதியம் இரண்டு மூன்று மணிநேரம் மூடிவிடும், ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் திறக்கவே மாட்டார்கள். காலையில் ஃப்ளொராக்கிலேயே ரொட்டியும் பெலார்தோன் ஆட்டுப்பால் சீஸ் இரண்டு வட்டமும் வாங்கிக்கொள்.

மந்தை காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் எதிர்ப்பட்டால் இறங்கிவிடு. சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவே பிடித்து, அமைதியாகப் பேசியபடி மெல்ல நட. கத்தாதே, ஓடாதே. இருட்டிலோ பனிமூட்டத்திலோ ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி சட்டப்படி கட்டாயம். உன்னை முந்தும் வண்டி ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் சட்டம்தான். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர்வரை வானிலை எச்சரிக்கையைத் தினமும் பார். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செவென் சரிவில் மோதி, சில மணிநேரத்தில் சில மாத மழையைக் கொட்டிவிடும், ஆற்றோரச் சாலைகள் மூழ்கும். அந்த எச்சரிக்கை ஆரஞ்சு நிறம் காட்டினால் அன்று ஓட்டாதே.

உன் பின்பக்க டிரெய்லரின், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவியின், மாடல் எண்ணை எழுதி அனுப்பு. குட்டைக் கை உள்ள பழையது என்றால் 34 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) அதில் ஏறாது, அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்