வேகம் இருந்தும் கேம் திணறுவது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு வைஃபையில் கேம் ஆடும்போது திரை திடீரென்று உறைந்து, மூன்று நொடி கழித்துப் பார்த்தால் நம் ஆள் செத்துக் கிடப்பான். உடனே எல்லோரும் 'பிளானை மாற்று' என்கிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. கேமுக்கு வேண்டியது அதிக வேகம் (Mbps) இல்லை, தகவல் போய்த் திரும்பும் நேரம் ஒரே சீராக இருப்பதுதான்.

நான் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் ரௌட்டருக்கும், இன்னொரு பக்கம் வெளியே ஒரு சர்வருக்கும் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டுப் பார்த்தேன். ரௌட்டருக்கான பிங்கே 2 மில்லிசெகண்டிலிருந்து 300க்குத் தாவினால் கோளாறு வைஃபையில்தான். அது அசையாமல் இருந்து, வெளிச் சர்வருக்கு மட்டும் எகிறினால் கோளாறு வைஃபைக்கு அப்பால்.

எனக்கு இரண்டும் இருந்தது! மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தடுமாறியது, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியதும் அது நின்றது. அப்புறமும் இரவில் மட்டும் லேக் (தாமதம்) வந்தது, தேடினால் அம்மாவின் போன் அந்த நேரத்தில்தான் படங்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அப்லோடு நிரம்பிவிட்டால் கேமின் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) அந்தப் படங்களின் வரிசைக்குப் பின்னால் காத்துக் கிடக்கும். ரௌட்டரில் இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் (SQM) வசதியை ஆன் செய்து, அதில் வேக வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வைத்தேன், சரியாகிவிட்டது. அந்த வசதி எல்லா ரௌட்டரிலும் இருக்காது. லேன் கேபிள் போட முடிந்தால் வைஃபை பிரச்சினையாவது அடியோடு போய்விடும்.

இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் வேகத்தோடு இந்தத் தாமதத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்