டியூஷனுக்கு எந்தக் கணக்கு ஒர்க்புக் வாங்கலாம்? பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் மீட்டிங் முடிஞ்சதும் ஏழாவது படிக்கிற பையனோட அம்மா ஒருத்தங்க வந்து, டீச்சர், டியூஷன்ல எக்ஸ்ட்ராவா ஒரு கணக்கு ஒர்க்புக் வாங்கிட்டு வரச் சொல்றாங்க, கடைக்குப் போனா வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, எதை எடுக்குறதுன்னே தெரியலன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்னவங்களும் அதையேதான் கேட்டாங்க, அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன்.

அட்டைல 7னு போட்டிருக்குன்னு மட்டும் பார்த்து தயவுசெஞ்சு வாங்காதீங்க. பிள்ளை எந்த இடத்துல முட்டி நிக்குதோ அங்கேருந்து ஆரம்பிக்கிற புக்தான் வேணும். 2/3ஐயும் 1/4ஐயும் கூட்டச் சொன்னா மேல இருக்கிறத மேலயும் கீழ இருக்கிறத கீழயும் கூட்டி 3/7னு எழுதுற பிள்ளைங்க ஏழாவதுலயும் இருக்காங்க, சரியான விடை 11/12, அந்தப் பிள்ளைக்கு ஏழாவது ஒர்க்புக்க எத்தனை வாங்கிக் கொடுத்தாலும் முதல் நாலு பக்கம் எழுதிட்டு மூடி வச்சிடும். அதுக்கு ஆறாவது புக்தான் வேணும். பிள்ளை வெக்கப்பட்டா பிரவுன் ஷீட்ல அட்டை போட்டுக் கொடுங்க, அந்த ஆறு யாருக்கும் தெரியாது.

எங்க முட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வீட்லயே மூணு கணக்கு கொடுங்க. 5003ல 1467ஐ கழிக்கணும் (3536 வரணும்), மேல சொன்ன பின்னக் கூட்டல், அப்புறம் -3லேருந்து 5ஐ கழிக்கணும் (-8 வரணும், நிறைய பேர் 2னு எழுதுவாங்க). எதுல தப்போ அந்தப் பாடம் விளக்கமா இருக்கிற புக்கா பாருங்க.

கடைல முதல் பக்கத்தைப் பார்க்காம நடுவுல பின்னம் வர்ற பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க. நல்ல புக்குல ரூலுக்கு முன்னாடி படம் இருக்கும். 12 கட்டம் உள்ள ஒரு சாக்லேட்டை வரைஞ்சு, அதுல 2/3னா 8 கட்டம், 1/4னா 3 கட்டம், சேர்த்தா 11னு காட்டினா பிள்ளைக்கு ஏன் 12ஆ மாத்துறோம்னு அப்பவே புரிஞ்சிடும், மீச்சிறு பொது மடங்குங்கிற வார்த்தை அதுக்கப்புறம் வந்தா போதும். படமே இல்லாம ஒரே மாதிரி நாப்பது கணக்கு அடுக்கியிருந்தா அது வேணாம், அஞ்சாவது கணக்குலேருந்து கை மட்டும்தான் ஓடும், மூளை ஓடாது. செஞ்சு காட்டின கணக்கு ரெண்டு மூணு, எழுத தாராளமா இடம், கடைசில விடை மட்டும், இதெல்லாம் இருந்தா எடுக்கலாம். எல்லா ஸ்டெப்பும் போட்டிருக்கிற கைடு வேற, அதைப் பார்த்து காப்பிதான் அடிப்பாங்க. நம்ம பிள்ளைங்க தமிழ் மீடியம், அதனால பாடப் புத்தகத்துல இருக்கிற கலைச்சொல்லே அதுலயும் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு மனசுல பட்டதைச் சொல்றேன். காசு செலவு பண்றதுக்கு முன்னாடி பாடப் புத்தகத்துலயே பாடத்தோட கடைசில இருக்கிற பல்வகைத் திறனறி பயிற்சிக் கணக்குகள், மேற்சிந்தனைக் கணக்குகள் ரெண்டையும் உங்க பிள்ளை போட்டிருக்கான்னு நோட்டைப் பாருங்க. போடலன்னா இந்த மாசம் அதுவே போதும். பழைய ஆறாவது புக் வீட்ல இல்லாட்டி பாடநூல் கழக வெப்சைட்ல பிடிஎஃப் ஃப்ரீயாவே இருக்கு.

எட்டாவது பெற்றோர் என்எம்எம்எஸ் (எட்டாவது பிள்ளைங்க எழுதுற உதவித்தொகைத் தேர்வு) புக் பத்திக் கேக்குறீங்க. பாஸ் ஆகி செலக்ட் ஆனா ஒன்பதாவதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் வருஷம் 12,000 ரூபா வரும், கண்டிப்பா எழுத வைங்க. ஆனா அதுல மனத்திறன் 90 கேள்வி, பாடத்துல வர்ற 90ல கணக்கு 20தான், அதனால அந்த புக்க வாங்கிட்டு கணக்கு ஒர்க்புக் வாங்கியாச்சுன்னு விட்டுடாதீங்க.

ஒரே ஒரு புக் போதும், தினம் ஆறு ஏழு கணக்கு, தப்பானதை மட்டும் தனியா ஒரு நோட்டுல திரும்பப் போடச் சொல்லி டியூஷன் அக்காகிட்ட சொல்லிடுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலரைக்கு லைப்ரரில சாம்பிளுக்கு சில ஒர்க்புக் எடுத்து வைக்கிறேன். வரும்போது ரேங்க் கார்டு வேணாம், சிவப்பு மையில தப்பு போட்ட கணக்கு நோட்டை எடுத்துட்டு வாங்க, உக்காந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்