கையெழுத்துப் போடாதவர்களும் உரிமையாளர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சில முதியவர்களின் பிடிவாதத்தால் நகர வளர்ச்சி தடைபடுகிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த முதியவர்களில் நானும் ஒருவன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முழங்கால் வலியோடு மூன்றாம் மாடி ஏறுகிறேன். எனக்கும் புது வீடு வேண்டும்தான். மில்லில் உழைத்துச் சேர்ந்த பி.எஃப். பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய வீட்டை இடிக்கச் சம்மதம் கேட்கிறார்கள். நாலு கேள்வி கேட்கக் கூடாதா?

2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிச் சட்டத்தின்படி, இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஒருவர் மறுப்பதால் மற்றவர்கள் விரிசல் விட்ட கூரைக்குக் கீழே கிடக்க வேண்டியதில்லை, சரி. மீதி ஒரு பங்கு யார் என்று கட்டுரையாளர் விசாரித்தாரா? எங்கள் கட்டடத்தில் அவர்கள் பென்ஷன்காரர்களும் கணவனை இழந்த பெண்களும். முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள்.

வந்த பில்டர், "பெரியவங்க கையெழுத்துப் போட்டாப் போதுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். வேலை முடியும்வரை வாடகை யார் தருவது, தாமதமானால் என்ன, எங்கள் யுடிஎஸ், அதாவது மனையில் எங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு குறையும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். அப்புறம் ஆளையே காணோம். 2019 கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5இலிருந்து 2 ஆனது. அதே மண்ணில் கூடுதல் வீடு கட்டி விற்கலாம். அதில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்டால் பிடிவாதமா?

வளர்ச்சி என்று சொல்லி எளியவர்களை மறந்துவிடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 2016இல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை வந்தபோது மகிழ்ந்தோம். உக்கடம் பெரியகுளத்து நடைபாதை அழகாகத்தான் இருக்கிறது. குளக்கரைகளில் குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பினார்களே, அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் எப்படி வருகிறார்கள் என்று தங்கள் இதழில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. தொடக்க காலத்திலிருந்து சந்தா கட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் வருந்துகிறது.

அந்த அடுக்குமாடிச் சட்டத்தில் மறுகட்டுமானம் பற்றிய பிரிவுகளையும் 2024இல் வந்த விதிகளையும் எளிய தமிழில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். அடுத்த அசோசியேஷன் கூட்டத்துக்கு நகலெடுத்துக்கொண்டு போக வேண்டும்.

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்