புயலுக்கு முந்தின நாள் மதியம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னை ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்னபோது குரலிலேயே பெருமை தெரிந்தது. எனக்கும்தான். அதே கிடங்கில் ராத்திரி ஷிஃப்டில் பெட்டி அடுக்க ஆரம்பித்தவன் நீ. வாழ்த்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதக் காரணம் உண்டு. பாஸ்டன் பக்கம், நியூ ஜெர்சி பக்கம், டொராண்டோ பக்கம் என்று ஆட்களை வேலைக்கு வரச்சொல்லும் பொறுப்பில் இன்று நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உனக்குச் சொல்வது அவர்களுக்கும் ஆகும்.

குளிர்காலம் உனக்குப் புதிதில்லை. ஸ்னோ டயர் மாற்றுவது, வண்டிக்குள் கம்பளியும் மண்வெட்டியும் வைப்பது எல்லாம் தெரியும். ஆனால் இதுவரை நீ உன் ஒருவனுக்காகத்தான் யோசித்தாய். இனி உன் ஷிஃப்டில் இருக்கும் அத்தனை பேரும் வந்து போகும் வழியும் உன் பொறுப்பில் சேர்கிறது. பனிப்புயலில் ஒருவர் சாலையில் மாட்டுவதும் மாட்டாததும் அவர் எவ்வளவு நன்றாக வண்டி ஓட்டுவார் என்பதில் இல்லை. முந்தின நாள் மதியம் அவருடைய சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில், சாதாரணப் பனிப்பொழிவையும் பிளிசார்ட் என்னும் கடும் பனிப்புயலையும் ஒன்றாக வைத்துப் பேசாதே. எத்தனை அங்குலம் விழுகிறது என்பது பிளிசார்டுக்கு அளவுகோலே கிடையாது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் கணக்கில் காற்றின் வேகம் மணிக்கு 35 மைலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், கால் மைல் தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், இந்த நிலை 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பிவிட்டாலும் பிளிசார்ட்தான். எட்டு அங்குலப் பனியில் பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று உன் ஆட்களில் ஒருவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். அந்த அனுபவம் இதற்கு உதவாது. முன்னால் நிற்கும் லாரியின் பின்விளக்கு தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் கைகொடுக்காது. வெப்பநிலை 15 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போய்விட்டால் சாதாரண சாலை உப்பு சரியாக வேலை செய்யாது.

நீ தினமும் போகும், பாஸ்டனைச் சுற்றி வரும் 128-ம் நெடுஞ்சாலையில் 1978-ல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பாய். பிப்ரவரி 6, திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே பனி தொடங்கிவிடும் என்று முன்னறிவிப்பு இருந்தது. விடிந்தது, பனியைக் காணோம். வானிலைக்காரர்கள் சொன்னது பொய்த்துவிட்டது என்று நினைத்து மக்கள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் முற்பகலில் பனி பிடித்தது. பிற்பகலில் அது வலுத்தபோது கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்குப் போகச் சொல்லின, ஏறக்குறைய எல்லாம் ஒரே சமயத்தில். 128-ஐ ஒட்டித்தான் அந்தக் காலத்து எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக இருந்தன. அத்தனை வண்டியும் ஒரே சாலையில் இறங்கியது. ஒரு லாரி குறுக்கே மடங்கி நின்றால் போதும், பின்னால் வருவது எல்லாம் நின்றுவிடும். பனி தள்ளும் பிளவ் வண்டியும் அதே வரிசையில் மாட்டிக்கொள்ளும். தள்ள முடியாத பனி ஏற ஏற, நின்ற வண்டிகள் புதைந்தன. 3,000-க்கும் மேற்பட்ட கார்கள், 500 அளவில் லாரிகள். பாஸ்டனில் அந்தப் புயல் கொட்டியது 27.1 அங்குலம். சாலையில் சிக்கிய வண்டிகளுக்குள் கார்பன் மோனாக்சைடு பரவி 14 பேர் இறந்தார்கள். கிழக்கு மாசசூசெட்ஸில் ஒரு வாரம்போலத் தனியார் வண்டிகள் ஓடத் தடை இருந்தது.

அந்த 14 பேரில் யாரும் புயலில் சாகசம் செய்யக் கிளம்பியவர்கள் இல்லை. காலையில் சாலை நன்றாக இருந்தபோது கிளம்பியவர்கள். இதைத்தான் நீ மனதில் வைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்து முடிவு எடுக்காதே. ஆள் வந்து சேர்வாரா என்று மட்டும் பார்க்காதே, ஷிஃப்ட் முடிந்து திரும்பிப் போவாரா என்று பார். மூன்று மணி ஷிஃப்டுக்கு வருபவர் பதினோரு மணிக்கு எந்தச் சாலையில் போவார் என்பதற்கு முந்தின நாளே உன்னிடம் பதில் இருக்க வேண்டும்.

"மோசமானால் சீக்கிரம் அனுப்பிவிடலாம்" என்று உன் மேலாளர் சொல்லக்கூடும். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் 2007 டிசம்பர் 13 அன்று பாஸ்டனிலும் பக்கத்து மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரிலும் அதைத்தான் செய்தார்கள். மதியம் பனி வலுத்ததும் அலுவலகங்களும் பள்ளிகளும் ஒன்றாக விட்டதில் சாலைகள் அடைத்துக்கொண்டன. பிராவிடன்ஸில் பள்ளிப் பிள்ளைகள் ராத்திரி வரை பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனைக்கும் அது பிளிசார்டுகூட இல்லை. வரச்சொல்லிவிட்டு நடுவில் அனுப்புவது, வரச்சொல்லாமல் இருப்பதற்கு ஈடாகாது.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கும் இதே மாநிலத்தில் உதாரணம் இருக்கிறது. 2013 பிப்ரவரி 8, வெள்ளிக்கிழமை. ஆளுநர் டெவல் பேட்ரிக் அன்று மாலை 4 மணியிலிருந்து தனியார் வண்டிகள் சாலையில் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டார். மீறினால் 500 டாலர் அபராதம், ஓராண்டு வரை சிறை. பாஸ்டன் பகுதிப் பொதுப் போக்குவரத்தான எம்பிடிஏவின் ரயிலும் பஸ்ஸும் மூன்றரை மணியோடு நின்றன. கெடுபிடி அதிகம் என்று அப்போது குறைப்பட்டவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பாஸ்டனில் 24.9 அங்குலம் கொட்டியது, 1978-க்கு ரொம்பக் குறைவில்லை. ஆனால் 128-ல் வண்டிகள் ஆயிரக்கணக்கில் புதையவில்லை, ஏனென்றால் புதைவதற்கு அங்கே வண்டிகளே இல்லை. பிளவ் வண்டிகள் காலியான சாலையில் வேலை பார்த்தன.

நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் 2022 டிசம்பர் 23 அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கும் வானிலைச் சேவை நாட்களுக்கு முன்பே கடுமையாக எச்சரித்திருந்தது. ஆனால் வண்டி ஓட்டத் தடை அமலுக்கு வந்தது வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. அதற்குள் ஏராளமானவர்கள் வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பிளிசார்ட் நிலைமை 37 மணி நேரம் விடவில்லை. விமான நிலையத்தில் 51.9 அங்குலம் பதிவானது. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும்கூட மாட்டிக்கொண்டு, கூப்பிட்டால் வர ஆள் இல்லாத நேரங்கள் இருந்தன. குறைந்தது 47 பேர் இறந்தார்கள். சிலர் ஹீட்டர் இல்லாத வீட்டிலேயே, சிலர் தெருவில், சிலர் காருக்குள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணும் அதில் உண்டு. தடையை இன்னும் முன்பே அறிவித்திருக்க வேண்டும் என்ற குறை பிறகு பலமாக எழுந்தது. எனக்கு அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. அரசாங்கம் தாமதித்தால் சரி, ஒவ்வொரு வேலை இடத்திலும் ஒரு சூப்பர்வைசர் இருந்திருப்பாரே? வியாழக்கிழமை மதியமே "நாளை வரவேண்டாம்" என்று சொல்ல அவருக்கு எந்த அரசு உத்தரவும் தேவையில்லையே.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். பிளிசார்ட் எச்சரிக்கை வந்துவிட்டால் முந்தின நாள் மதியமே முடிவு எடு. எடுத்ததைத் தெளிவாகச் சொல். "உங்கள் பாதுகாப்பு முக்கியம், நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று மட்டும் மெசேஜ் போடாதே. கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் மணிக்கூலிக்கு வேலை செய்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று உனக்கே தெரியும், நீயும் அந்த இடத்தில் இருந்தவன். வராவிட்டால் அன்றைய சம்பளம் போகும், பெயரும் கெடும் என்றுதான் கேட்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆனவர் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டுக் கிளம்பத்தான் செய்வார். பழைய டயரோடு கிளம்புவார். கார் இல்லாதவர் பஸ்ஸை நம்பிக் கிளம்புவார். பிளவ் வண்டி ஒதுக்கிய பனி மலைபோல பஸ் ஸ்டாப்பை மூடியிருக்கும், நடைபாதை இருக்காது, சாலையிலேயே நின்று காத்திருப்பார். அவர் உள்ளே வேலை பார்க்கும்போது பஸ் சேவையையே நிறுத்திவிட்டால்?

கட்டாயம் ஆள் வேண்டிய வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி, மின்சாரம், முதியோர் இல்லம். அங்கே எல்லாம் ஆட்களைப் புயலுக்கு முன்பே வரவழைத்துத் தங்கவைக்கிறார்கள், கட்டில் போட்டு, சாப்பாடு கொடுத்து. உன் குளிர்பதன அறைக்கும் இரண்டு பேர் தேவை என்றால் அப்படிச் செய். நடந்துபோகும் தூரத்தில் ஹோட்டல் அறை எடுத்துக்கொடு. மற்றபடி நெடுஞ்சாலை மூடிக் கிடக்கும்போது உன் லாரிகள் எங்கே போகப் போகின்றன? போகாத லாரியில் சரக்கு ஏற்ற ஒருவர் உயிரைப் பணயம் வைத்து வரவேண்டியதில்லை.

எவ்வளவு சொன்னாலும் யாராவது ஒருவர் வழியில் மாட்டலாம். அதனால் இதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவை, அவரவர் மொழியில். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக்கூடாது, பத்தடியில் திசை தெரியாமல் போகும். இன்ஜினை மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சைலன்சர் வாயில் அடைத்த பனியை அகற்ற வேண்டும், காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். 1978-ல் இறந்த அந்த 14 பேரையும் கொன்றது குளிர் இல்லை, புகை. 2013-ல் பாஸ்டனில் அப்பா பனி வெட்டிக்கொண்டிருக்கும்போது குளிருக்காகக் காருக்குள் உட்கார்ந்த ஒரு சிறுவனும் அப்படித்தான் போனான். அது வீட்டு வாசலில் நின்ற கார்.

சம்பளம்தான் கடினமான பேச்சு. மேலே இருப்பவரிடம் இந்த வாரமே பேசு, வானம் தெளிவாக இருக்கும்போதே. புயல் செய்தி வந்தபிறகு கேட்டால் பதில் வருவதற்குள் ஷிஃப்ட் தொடங்கிவிடும். முழு நாள் சம்பளம் தரமாட்டேன் என்றால் பாதிக்குக் கேள். அதுவும் இல்லை என்றால் வேறொரு நாள் அந்த மணிநேரத்தை ஈடுகட்ட அனுமதியாவது எழுத்தில் வாங்கு. வராதவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது என்ற உறுதியையும் சேர்த்து வாங்கு. வாங்கியதும் இப்படி ஒரு மெசேஜ் எழுதி போனில் தயாராக வைத்துக்கொள்:

"நாளை பிளிசார்ட் எச்சரிக்கை இருப்பதால் ஷிஃப்ட் ரத்து. யாரும் வரவேண்டாம். வராதது யார் பெயரிலும் குறையாக எழுதப்படாது. சம்பளம் பற்றி ஒப்புக்கொண்டபடி நடக்கும். படித்ததும் 'சரி' என்று பதில் போடுங்கள். பதில் வராதவர்களை நானே கூப்பிடுகிறேன்."

மதியம் இரண்டு மணிக்கு அனுப்பு. மாலை ஐந்துக்குள் பதில் வராதவர்களைக் கூப்பிட்டுவிடு, முதலில் பஸ்ஸில் வருபவர்களை.

அன்புடன்,
அக்கா