கோல் வாங்கும் முன்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கப் பழகுகிறாள் என்று படித்த கையோடு, டாக்டர் பாட்டியையும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். எங்கள் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே செய்தித்தாளைக் காலையிலும் மாலையிலும் படிக்கிறார். இரு கையிலும் கோல் ஊன்றி நடக்கும் நார்டிக் வாக்கிங்குக்காக நான் கோல்களை எடுத்தால் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு கூட வந்துவிடுகிறார்.

"இரண்டு குச்சியைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் அப்படி என்னடி இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். வெறுமனே பிடித்துக்கொண்டு நடந்தால் ஒன்றுமே இல்லை. கோலைப் பின்பக்கமாகச் சாய்த்து ஊன்றி, உடம்பை முன்னே தள்ள வேண்டும். நார்டிக் வாக்கிங்கின் பலன் முழுக்க அந்தத் தள்ளலில்தான் இருக்கிறது.

இது பின்லாந்தில் பிறந்தது. பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத கோடையிலும் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்கக் கோலோடு நடந்தார்கள். 1997-இல் எக்செல் என்ற அந்நாட்டு நிறுவனம் இதற்கென்றே கோல் செய்து விற்க ஆரம்பித்த பிறகு மற்றவர்களிடமும் பரவியது.

சாதாரண நடையில் கால்கள்தான் உழைக்கின்றன. இதில் மேற்கையின் பின்தசை, தோள், முதுகின் அகன்ற தசை, வயிறு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதே வேகத்தில் நடந்தாலும் சராசரியாக 20 சதவீதம் அளவுக்குக் கூடுதல் சக்தி செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். வேலை பல தசைகளுக்குப் பிரிந்துவிடுவதால் அந்த அளவுக்குக் களைப்பு தெரிவதில்லை. உனக்குப் பிடிக்கக்கூடிய செய்தி இன்னொன்று. கனடாவின் ஒட்டாவாவில் இதய நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். விட்டுவிட்டுச் செய்யும் கடும் பயிற்சி ஒரு குழுவுக்கு, மிதமான தொடர் பயிற்சி ஒரு குழுவுக்கு, நார்டிக் நடை மூன்றாவது குழுவுக்கு. 2022-இல் முடிவு வெளியானது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற சோதனையில் அதிகம் முன்னேறியது கோல் பிடித்தவர்கள்தான்.

மூட்டு வலிக்கு இது மருந்து என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதே. சமதரையில் முழங்கால் சுமை குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இறக்கத்தில் கோல் கை கொடுக்கும், அது உண்மை. உன் வலது முழங்காலைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்கு.

அப்புறம் கோல். கடையில் முதலில் கார்பனைத்தான் காட்டுவார்கள். எடை குறைவு, அதிர்வும் குறைவு, சரி. ஆனால் அடிபட்ட கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை நல்ல கைப்பட்டைக்குக் கொடுப்பேன். மலையேறும் கோலில் இருக்கும் வெறும் வார் இதற்கு உதவாது. விரல் இல்லாத கையுறை போல உள்ளங்கையைச் சுற்றி இறுக்கும் பட்டை வேண்டும். அப்போதுதான் கை பின்னால் போகும்போது பிடியைத் தளர்த்தி, பட்டையின் மேலேயே அழுத்தித் தள்ள முடியும். பட்டை கோலிலிருந்து ஒரு அழுத்தில் கழன்று வருகிறதா என்றும் பார். விழும்போது கோல் கையோடு சிக்கினால் கட்டைவிரலின் அடி மூட்டில் தசைநார் கிழிய வாய்ப்புண்டு, பனிச்சறுக்கில் விழுபவர்களுக்கு வருவதுபோல.

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உயரத்தை 0.68-ஆல் பெருக்க வேண்டும். நீ 160 செ.மீ. என்றால் 108.8 வரும். கடையில் 105, 110 என்றுதான் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவள் 105 எடு. நீளம் கூடினால் தோள் காதுவரை ஏறிவிடும். ஒரே துண்டாக வரும் கோலில் பூட்டு நழுவும் பயமில்லை. பயணத்துக்காக மடக்குக் கோல் வேண்டுமென்றால், பூட்டிய பிறகு உடம்பு எடையைப் போட்டு அழுத்திப் பார். உள்ளே போனால் வாங்காதே. குழாயில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி இழுக்கவும் கூடாது.

தார்ச்சாலையில் நடக்க ரப்பர் முனை, மண்ணிலும் புல்லிலும் உலோக முனை. ரப்பரின் வளைந்த மூக்கு பின்னோக்கி இருக்கட்டும். அது தேய்ந்து உள்ளே உலோகம் தெரிவதற்குள் மாற்றிவிடு, இல்லாவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும்.

முதல் நாள் ஊன்றவே ஊன்றாதே. பட்டையை மாட்டிக்கொண்டு, கோல்களைத் தரையில் இழுபட விட்டு, கைகளை இயல்பாக வீசி நட. ஒரு பக்கத்துக் கையும் எதிர்ப்பக்கத்துக் காலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். அது வந்த பிறகு மெல்லத் தள்ள ஆரம்பி. யோசித்து யோசித்து நடந்தால்தான் ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போகும். எங்கள் வீட்டுக்காரர் இன்னும் அப்படித்தான் போகிறார்!

கடைக்குப் போகும்போது நடக்கிற ஷூவையே போட்டுக்கொண்டு போ, நீளம் பார்க்க அதுதான் சரி. எதை வாங்கினாய் என்று எழுது. பேத்தியின் படமும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
கமலா