அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாறிய அலுப்பிலும் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாயே! புது வீடு எப்படி, அலுவலகம் எவ்வளவு தூரம் என்பதற்கெல்லாம் இரண்டே வரி. பரணிலிருந்து இறங்கிய பழைய வீடியோ கேம் பெட்டிக்கு மட்டும் மூன்று பக்கம். நீ திருந்தவே இல்லை. ரொம்ப சந்தோஷம்.

என் பக்கம் பெரிய சேதி ஒன்றும் இல்லை. வேலை அதேதான், மேலதிகாரி மட்டும் புதுசு. படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. வலது கட்டைவிரல் அவ்வப்போது பிடித்துக்கொள்கிறது. மவுஸ் பிடித்துப் பிடித்து வந்த வலி என்கிறார் டாக்டர். எனக்கென்னவோ நாம் ஆடிய கான்ட்ரா கேம் மேல்தான் சந்தேகம். மகள் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் கேள்வி, டிவியில் வாத்து சுடும் கேமின் துப்பாக்கி பற்றி. "படம் வருகிறது, மாரியோ ஓடுகிறான், ஆனால் எவ்வளவு சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை, துப்பாக்கி செத்துப்போச்சா?" என்று கேட்டிருந்தாய். துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். மாறியது உன் டிவி.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் வேலை பார்ப்பது மட்டும்தான். குழலுக்குள்ளே வெளிச்சத்தை உணரும் சின்ன சென்சார் ஒன்று இருக்கிறது. நீ விசையை இழுத்ததும் கேம் திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்கும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். இருட்டு, உடனே வெளிச்சம் என்று சென்சாருக்குத் தெரிந்தால் வாத்து காலி. இரண்டு வாத்து பறந்தால் அடுத்தடுத்து இரண்டு கட்டம் வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து விழும். முதலில் எதற்குக் கறுப்பு என்கிறாயா? எரிகிற பல்பைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டு வாத்து விழுந்தது என்று சொல்லும் உன்னைப் போன்ற ஆசாமிகளுக்காகத்தான். கண் சிமிட்டுவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடுவதால் நமக்கு லேசான ஒரு மினுக்கல் மட்டும் தெரியும்.

பழைய டப்பா டிவி, கேம் அனுப்புவதை அந்தக் கணமே வரி வரியாகத் திரையில் வரைந்துவிடும். உன் புது டிவி அப்படியில்லை. வாங்கி, பெரிதாக்கி, மெருகு போட்டுக் காட்டுவதற்குள் சில கணங்கள் ஓடிவிடும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும் நேரத்தில் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும். மாரியோ சொன்ன பேச்சைக் கேட்காமல் பள்ளத்தில் விழுகிறான் என்று புலம்பியிருந்தாயே, அதற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணம். எல்லாவற்றையும் வயது மேல் போடாதே. பாதி வயது, பாதி டிவி.

அடுத்தது உன் புலம்பல். "இப்போது வருவதெல்லாம் கேமா? அந்தப் பொற்காலம் இனி வருமா?" இங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு.

அப்போது கேம்கள் கஷ்டமாக இருந்தன, இப்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள் என்கிறாய். கான்ட்ராவையே எடுத்துக்கொள். எல்லாம் தெரிந்தவன் ஆடினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அவ்வளவுதான் அந்த கேம். கேசட்டில் இடமே இல்லை, அதற்கு மேல் என்ன வைக்க முடியும்? மூன்றே லைஃப் கொடுத்து, ஒரு தோட்டா பட்டால் சாவு என்று வைத்ததால்தான் அந்த அரை மணி நமக்கு ஒரு விடுமுறை முழுக்க நீண்டது. அதற்கும் முன்னால் காசு போட்டு ஆடும் மெஷின்கள். நீ சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். பிறகு அந்த கேம்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது பழைய கொடுமையும் கூடவே வந்தது. அதை நாம் வீரம் என்று நினைத்துக்கொண்டோம். கஷ்டம்தான் வேண்டும் என்றால் 2022-இல் வந்த எல்டன் ரிங் ஆடிப் பார். ஆரம்பித்து வெளியே வந்ததுமே தங்கக் கவசத்தோடு குதிரைமேல் ஒருத்தன் உலாத்திக்கொண்டிருப்பான். போய் வம்பிழு, உன் திமிர் அடங்கும்.

குப்பையும் அன்றைக்கு ஏராளம். நமக்கு நினைவிருப்பது நல்லவை மட்டும். நமக்கு முந்தைய தலைமுறை ஆடிய அட்டாரி என்ற கேம் பெட்டியில், 1982-இல், ஒரு சினிமாவின் பெயரை வைத்து இ.டி. என்று ஒரு கேம் போட்டார்கள். பண்டிகை விற்பனைக்குள் வந்தாக வேண்டும் என்று ஒரே ஆளிடம் ஐந்து வாரம் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். விற்காமல் தேங்கிய கேசட்டுகளை மற்ற சரக்கோடு சேர்த்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அலமகோர்டோ என்ற ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் நினைத்திருக்க, 2014-இல் தோண்டினால் நசுங்கிய கேசட்டுகள் நிஜமாகவே வந்தன. அதுவும் உன் பொற்காலத்தில் சேர்த்திதான்.

இவ்வளவு சொன்னாலும், உன் பக்கமும் நியாயம் உண்டு. நம் சின்ன வயதுதான் நமக்கு இனிக்கிறது, கேமில் ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொழில் சுத்தம் என்று ஒன்று இருந்தது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்றைக்கு போனில் எடுக்கும் ஒரு போட்டோ பிடிக்கிற இடத்தில் நூறு மாரியோவை அடைக்கலாம். இடம் பற்றாமல்தான் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் போட்டிருக்கிறார்கள். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இத்தனை வருடம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்ததா?

அதைவிட அந்த முதல் ஸ்டேஜைக் கவனி. மாரியோ திரையின் இடது ஓரத்தில், வலது பக்கம் பார்த்து நிற்கிறான். எதிரே வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டாம். நாலடி வைத்ததும் முறைத்துக்கொண்டு ஒரு காளான் தலையன் வருகிறான். தெரியாமல் மோதினால் சாவு; ஆனால் ஆரம்பித்துச் சில நொடிதான் ஆகியிருக்கும், நஷ்டம் ஒன்றுமில்லை. அடுத்த முறை தாண்டிக் குதிப்பாய், இல்லை தெரியாத்தனமாக அவன் தலையில் மிதிப்பாய். மிதித்தால் சாவான் என்று பாடமாகிவிடும். பிறகு கேள்விக்குறி போட்ட கட்டத்தை முட்டினால் நிஜக் காளான் வெளியே வந்து வலது பக்கம் ஓடும், கீழே விழும், பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி உன்னையே நோக்கி வரும். இதுவும் எதிரிதான் என்று பதறிக் குதித்தால் தலைக்கு மேலே செங்கல் வரிசை. தப்ப வழியில்லாமல் காளான் மேலே பட்டுவிடும். பட்டால்? மாரியோ வளர்கிறான். ஒரு வார்த்தை எழுத்து இல்லை, படிக்கவே தெரியாத குழந்தைக்கும் புரியும். மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோவும் அவர் கூட்டாளிகளும் அந்தச் சில அடி தூரத்தை எவ்வளவு இழைத்திருக்க வேண்டும்! இன்றைக்கு எத்தனையோ கேம்களில் முதல் பத்து நிமிடம் "இந்த பட்டனை அழுத்து, அந்த பட்டனை அழுத்து" என்று பெட்டிச் செய்தியாக வருகிறது. பார்த்தாலே எரிச்சல்.

ஆனால் எனக்கு ஏக்கம் அதில்கூட இல்லை. ஒன்றும் தெரியாமல் இருந்தோமே, அதில்தான். ஒரு கேமுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று நம்மில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. யாரோ யாரிடமோ கேட்டது வாய்வழியாக நம் வரைக்கும் வரும். அதில் பாதி பொய். எந்தப் பாதி என்று ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாரியோவின் 1-2, அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜ் கடைசியில் சுவருக்குள் புகுந்து போனால் ரகசிய உலகம் ஒன்று வரும் என்று உன் தம்பி சொன்னபோது அவனை எவ்வளவு கேலி செய்தோம்! அது உண்மை. குனிந்தபடி குதித்துச் சரியான இடத்தில் செங்கலுக்குள் நுழைந்து குழாயில் இறங்கினால், உலகத்தின் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக, கோடு போட்டு 1 என்று வரும். தண்ணீருக்குள் ஒரு ஸ்டேஜ். நீந்திக் கடைசிக் குழாய்க்குள் போனால் மறுபடி ஆரம்பத்துக்கே கொண்டுவந்து விடும். முடிவே கிடையாது. யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை, புரோகிராமில் நேர்ந்த பிசகு.

அதே தம்பி, போக்கிமானில் கப்பல் பக்கத்தில் நிற்கும் லாரிக்கு அடியில் மியூ என்ற அபூர்வ போக்கிமான் இருக்கிறது என்றும் சத்தியம் செய்தான். லாரி இருப்பது நிஜம். அடியில் ஒன்றும் கிடையாது. 2004-இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது, இத்தனை பேர் தேடி அலைந்ததற்கு ஆறுதலாகவோ என்னவோ, அந்த லாரிப் பக்கத்தில் தின்பண்டம் ஒன்றை ஒளித்து வைத்தார்கள். அவனிடம் சொல்.

மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ. நீ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். அது எப்படி வந்தது தெரியுமா? 1986-இல் கிரேடியஸ் என்ற கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலை கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவரிடம் வந்தது. சோதித்துப் பார்க்க ஆடினால் அவராலேயே தாக்குப்பிடிக்க முடியவில்லை. தன் வசதிக்கு, அழுத்தினால் ஆட்டம் சுலபமாகும்படி அந்த பட்டன் வரிசையைப் போட்டுக்கொண்டார். அது அப்படியே கேசட்டுக்குள் தங்கி வெளியே வந்துவிட்டது. பிறகு கான்ட்ராவில் நமக்கு 30 லைஃப் கொடுத்ததும் அதே வரிசைதான். 2020-இல் அவர் காலமானார். செய்தி படித்தபோது நெருங்கிய உறவு போனதுபோல் இருந்தது.

இப்போது என் மகள் விஷயம். எந்த கேமிலும் மாட்டிக்கொண்டால் யூடியூபைத் திறப்பாள், அரை நிமிடத்தில் வழி தெரிந்துவிடும். இந்தத் தலைமுறைக்கு அந்தத் தவிப்பே இல்லை என்று நானும் உன்னைப் போலவே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் ஹாலோ நைட் ஆட ஆரம்பித்தாள். 2017-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்த கேம். புது இடத்துக்குள் நுழைந்தால் மேப் கிடையாது. மேப் வரைகிற ஆள் ஒருத்தன் உள்ளே எங்கேயோ உட்கார்ந்து முனகிப் பாடிக்கொண்டிருப்பான். தரையில் சிதறிக் கிடக்கும் காகிதங்களையும் அந்தப் பாட்டுச் சத்தத்தையும் வைத்து அவனைக் கண்டுபிடித்து மேப்பை விலைக்கு வாங்க வேண்டும். அதுவரை குருட்டு நடைதான். யூடியூபைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். "அப்பா, சும்மா இருங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

டெட்ரிஸ் சேதி உனக்குத் தெரியுமா? நாம் ஆடிய அதே 1989 கேசட். லெவல் 29 வந்தால் கட்டைகள் விழும் வேகத்துக்கு ஓரம்வரை நகர்த்தவே முடியாது, அதுதான் முடிவு என்று உலகமே நம்பியிருந்தது. பிறகு யாரோ ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள்: கட்டைவிரலை பட்டன் மேல் சும்மா வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டுவது. வேகம் எங்கேயோ போய்விட்டது. 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் லெவல் 157 வரை ஆட, கணக்குப் போட முடியாமல் கேமே உறைந்து நின்றுவிட்டது. கேசட் வந்து 34 வருடம் கழித்து! இந்தப் பிள்ளைகள் வித்தையைக் கற்றதும் ஒருவர் ஆடுவதை ஒருவர் வீடியோவில் பார்த்துத்தான். ஆகவே யூடியூபை நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். நீ தொடர்ந்து திட்டலாம்.

திட்ட வேண்டிய இடம் வேறு. உன் பெட்டி பரணில் இத்தனை வருடம் கிடந்தும் சொருகியவுடன் ஓடுகிறது. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவனாலும் அதோடு ஆட முடியாமல் போனது. பழைய கேம்களும் தப்பவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்தவற்றில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதனால்தான் சொல்கிறேன், இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் யார் சொன்னாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இன்னொன்று. கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவதை இனிமேலாவது விடு. எச்சில் ஈரம் பட்டு உள்ளே செம்புப் பட்டைகள் அரித்துவிடும். அன்றைக்கு அது ஓடியது ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி மாட்டியதால்தான். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடை, நன்றாகக் காய்ந்த பிறகு போடு.

விடுமுறையில் நீ வரும்போது பெட்டியைக் கொண்டுவா. யாரிடமாவது சொல்லி ஒரு டப்பா டிவி பிடித்து வைக்கிறேன். இரண்டாவது கன்ட்ரோலர் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. கான்ட்ராவின் அருவி ஸ்டேஜில் நீ பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டே போய், கீழே நின்ற என்னைத் திரைக்கு வெளியே தள்ளித் தள்ளிக் கொன்றாயே, அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
பாஸ்கர்