மாமனாரின் அலமாரியில் இருந்த விதைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். நாமக்கல் பக்கம் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுத் தோட்டம், விதை சேமிப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பேன். கத்தரி வருகிறது, சுரை வருகிறது, அவரை வருகிறது. ஆனால் இன்றைக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மேஜை டிராயரில் சேர்ந்துகொண்டிருக்கும் ஒரு விதையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கஞ்சா விதையைத்தான் சொல்கிறேன்.

இங்கே அது குற்றமில்லை. காரெத் பிரின்ஸ் என்பவர் ராஸ்தஃபாரி, கஞ்சாவைப் புனிதமாக நினைக்கும் மதத்துக்காரர். அவர் 2002-இல் ஒரு தடவை தோற்று, விடாமல் திரும்பவும் வழக்காடியதில், 2018 செப்டம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வளர்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 மே மாதம் அதிபர் கையெழுத்துப் போட்ட சட்டம் பூக்கும் முனையைத்தான் கஞ்சா என்கிறது, விதையையும் நாற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கஞ்சாவைக் காசு வாங்காமல் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் இதைப் பார்த்துச் செடி வைத்துவிடாதீர்கள், அங்கே வளர்த்தால் ஜெயில்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய பொருள் என்பதிலும் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மாமனார் 2021-இல் தவறினார். அவருடைய மர அலமாரியின் கீழ்த்தட்டில் விதை வைத்திருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்பதுதான் தெரியாது. துக்கத்தில் யாரும் அதைத் திறக்கவில்லை. 2022 ஏப்ரலில் டர்பனையே புரட்டிப் போட்ட அந்த மழையில் எங்கள் பின்சுவர் ஊறி, அலமாரியின் அடிப்பகுதி நனைந்தது. அதற்கப்புறமும் ஒரு வருஷம் கழித்துத்தான் நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்று ரகம்! தீர்ப்பு வந்த பிறகு கடையில் வாங்கிய பளபள பாக்கெட்டுகள், சிநேகிதர்கள் கொடுத்த காகிதக் கவர்கள், பழைய மாத்திரை டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ரிக்காஃபி என்ற காபித்தூளின் பழைய டப்பா ஒன்று, அதில் பாதிக்குச் சாம்பல், சாம்பலுக்குள் ஒரு கை விதை.

அந்த டப்பாவின் கதையை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். இனாண்டா பக்கத்திலிருந்து பச்சிலை விற்க வரும் ஒரு ஜூலு (இந்தப் பக்கத்து ஆப்பிரிக்க இனம்) ஆயா, மாமனாரின் அப்பாவிடம் கொத்தமல்லி விதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு இதைக் கொடுத்தாராம். அவர்கள் இன்சாங்கு என்பார்கள், நம் ஆட்கள் கஞ்சா என்பார்கள், ஊருக்குப் பொதுவாக டகா. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த முதல் கப்பல் 1860-இல் இங்கே வந்து சேர்ந்தது. பத்து வருஷத்தில், 1870-இலேயே, ஒப்பந்தக் கூலிகள் கஞ்சா புகைக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவும் கூடாது என்று டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியில் சட்டம் போட்டுவிட்டார்கள். நாடு முழுவதற்கும் தடை வந்தது 1922-இல். நம் சனங்களுக்குத்தான் முதல் அடி. அப்படிப்பட்ட காலத்தையெல்லாம் தாண்டி, போலீசுக்குப் பயந்து சாம்பலுக்குள் மறைந்திருந்து பிழைத்த விதை அது.

பிழைத்தது எப்படி என்றால், மாமனாரும் அவர் அப்பாவும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் போட்டுப் புது விதை எடுத்தார்கள். வேறு விதை கைவசம் இல்லை, அதனால் அதையேதான் போட்டாக வேண்டும். 2018-க்குப் பிறகுதான் வினை வந்தது. எங்கள் பின்கட்டில் நாலு செடிக்குத்தான் வெயில் விழும் இடம். அந்த நாலு இடத்துக்கும் வருஷா வருஷம் புதுப் பாக்கெட் வந்து உட்கார்ந்தது. அந்தப் பெயர், இந்தப் பெயர், சீக்கிரம் பூப்பது, பெண் செடி மட்டுமே வருவது என்று ஒவ்வொன்றையும் பார்க்க அவருக்கு ஆசை. ரிக்காஃபி டப்பா அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆயுசு முழுக்க ஒளித்து வைத்த மனுஷனுக்குக் கடைசியில் கதவு திறந்தால் கை நீளத்தான் செய்யும். ஆனால் நடந்தது இதுதான்.

நான் எல்லாவற்றையும் முளைக்கப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ரகத்திலும் பத்து விதை, ஈரத் துணியில் மடித்து, மேலே எண் எழுதி, ஒரு வாரம். நல்ல விதை உங்களுக்கே தெரியும், மல்லி விதை அளவில், சாம்பலும் பழுப்புமாக வரியோடி, நகத்தால் அழுத்தினால் அசையாது. செத்தது சடக்கென்று உடைந்து உள்ளே தூளாகக் கொட்டும். நாற்பத்து மூன்றில் பாதிக்கு மேல் ஒன்றுகூட முளைக்கவில்லை. ரிக்காஃபி டப்பா விதைக்கு மட்டும் மனசு கேட்காமல், பத்தோடு நிறுத்தாமல் நூற்றி இருபது போட்டேன். மூன்றுக்கு வெள்ளை வேர் வந்தது. ஒன்று நாற்றிலேயே அழுகிப் போனது.

இது ஏன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விதைக்காரர்கள் ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள். விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்காகும், வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரண்டு மடங்காகும். டர்பன் கோடையில் உப்பு ஜாடியே தண்ணீர் விடும், காகிதக் கவரில் இருக்கும் விதை என்ன பாடுபடும் சொல்லுங்கள். அதனால் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோ வறுத்து ஆறிய அரிசியோ துணியில் முடிந்து கூடப் போட்டு, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் உடனே திறக்கக் கூடாது. பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் காற்றில் இருக்கும் ஈரம் விதைமேல் வியர்த்துவிடும். பாட்டிலுக்குள்ளேயே ஒரு சீட்டில் பென்சிலால் ரகமும் வருஷமும் எழுதிப் போடுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். எங்கள் வீட்டில் பதினொரு கவரில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் விதை என்றைக்கோ ஒரு நாள் மண்ணைப் பார்த்தாக வேண்டும். இங்கேதான் ஆசைக்கும் கைக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை. இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். ஒரே முற்றத்தில் நாலு ரகம் ஆணும் பெண்ணுமாக வைத்தால் நாலும் கலந்து எதுவுமே அதுவாக இருக்காது. சுத்தமாக விதை எடுக்க வேண்டுமென்றால் ஒரு வீட்டில் ஒரு பருவத்துக்கு ஒரு ரகம்தான். அப்படியானால் நாற்பத்து மூன்று ரகத்தைப் புதுப்பிக்க நாற்பத்து மூன்று வருஷம் வேண்டும், அதுவரை எந்த விதை காத்திருக்கும்?

சேர்ப்பவர்களைப் பைத்தியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கஞ்சா ரகத்தை டர்பன் பாய்சன் என்று எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டி உலகமெல்லாம் விற்கிறார்கள். அதே டர்பனில், வெளிநாட்டுப் பாக்கெட் விதையின் மகரந்தம் பக்கத்து வீட்டிலிருந்து பறந்து வந்து நாட்டுச் செடியைக் கலப்பாக்கிக்கொண்டிருக்கிறது. யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு. எடுத்து வைப்பவர் தன் வீட்டிலேயே எல்லாவற்றையும் பூட்டிக்கொள்வதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். ஒரு சுவர் ஊறினால் போதும், எல்லாம் முடிந்தது. நம் முன்னோர்கள் கொண்டுவந்த முருங்கையும் கறிவேப்பிலையும் இன்றைக்குச் சாட்ஸ்வொர்த்தில் வேலிக்கு வேலி நிற்கிறதென்றால், பக்கத்து வீட்டுக்கு ஒரு போத்தோ ஒரு கன்றோ கொடுத்ததால்தான்.

டப்பா விதை மூன்றில் ஒன்று அழுகியது போக மிச்சம் இரண்டு நாற்று, கடவுள் புண்ணியத்தில் ஒன்று ஆண், ஒன்று பெண். நாம் ஊரில் ஆடிப் பட்டம் தேடி விதைப்போம், இங்கே ஆடியில் குளிர்காலம். செப்டம்பர் கடைசியில் மண்ணில் வைத்தேன். பெண் செடி மெலிந்து உயரமாக என் தலைக்கு மேல் போனது, கிறிஸ்துமஸ் கழிந்து பகல் குறைய ஆரம்பித்த பிறகு மெல்லப் பூ விட்டது. ஏப்ரலில் உலுக்கியபோது விரித்த சேலை முழுக்கப் பட்டாணிப் பொரி மாதிரிச் சடசடவென்று கொட்டியது, எண்ணிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு விதை. இரண்டே செடியிலிருந்து வந்ததால் பழைய விதையில் இருந்த குணம் முழுவதும் இதில் இருக்காது என்று தெரியும். முப்பது நாற்பது செடி சேர்ந்து நின்றிருந்தால் அது வேறு கதை.

அந்த விதையை ஆறு பங்காக்கினேன். வெருலத்தில் என் நாத்தனார், டோங்காட்டில் ஒரு அண்ணன், இனாண்டாவில் அந்த ஜூலு ஆயாவின் ஊர்க்காரர்கள் இரண்டு குடும்பம், ஃபீனிக்ஸில் ஒருவர், ஒரு பங்கு என் ஃப்ரிட்ஜில். ஆளுக்கொரு வருஷம் முறை வைத்திருக்கிறோம், முறை வரும் வீட்டில் அந்தப் பருவம் வேறு எந்த ரகமும் கிடையாது. முளைத்த பாக்கெட் விதைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் வாசகர்களில் டர்பன் பக்கம் யாராவது இப்படிச் சேர்த்து வைத்திருந்தால், எந்த விதையாக இருந்தாலும் சரி, இந்த வாரமே ஒரு பத்து விதையை ஈரத் துணியில் போட்டுப் பாருங்கள். ஆறு முளைத்தாலும் உடனே பாதியை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். ஒன்றிரண்டுதான் முளைக்கிறதென்றால் இந்தச் செப்டம்பரில் மற்றதை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் நடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்